பழமொழி சேர்த்த பேரறிஞர் எராஸ்முஸ்

கட்டுரை எழுதச் சொன்னால், முதல் வரியில் ஒரு பழமொழியை வைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பது நம் மாணவியரில் பலருக்கு வழக்கம். இந்த வழக்கத்திற்கு ஐரோப்பியப் பள்ளிகளில் பெரிய துணையாக நின்றவர் ஒரு கத்தோலிக்க குரு. ரோட்டர்டாம் நகரத்து எராஸ்முஸ் என்பது அவர் பெயர். பண்டைய கிரேக்கரும் ரோமரும் வாழ்க்கையைப் பற்றியும், உழைப்பைப் பற்றியும், அரசாட்சியைப் பற்றியும் சொல்லிவைத்த மொழிகளை நாலாயிரத்துக்கு மேல் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி உலகுக்குக் கொடுத்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அந்த ஒரே நூலைத் திருத்தியும் பெருக்கியும் வந்தார். அது பிறந்த கதை ஒரு சுங்கச் சாவடியில் தொடங்குகிறது.

1500-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இங்கிலாந்தில் சில மாதங்கள் தங்கிவிட்டு எராஸ்முஸ் டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏற வந்தார். கையில் ஏறக்குறைய இருபது பவுன் பணம் இருந்தது. அவரைப் போன்ற ஏழைப் படிப்பாளிக்கு அது பெருந்தொகை. பாரிஸ் நகரில் நெடுநாள் கவலையின்றிப் படிக்க உதவும் என்று நம்பியிருந்தார். நாட்டைவிட்டு நாணயம் வெளியே போகக்கூடாது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். தம்முடைய பணத்துக்கு அது பொருந்தாதென்று நண்பர்கள் சொன்னதை அவர் நம்பினார். சுங்க அதிகாரிகள் நம்பவில்லை. சிறிதளவை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

பாரிஸ் வந்து சேர்ந்தபோது அவரிடம் பணமும் இல்லை, உடலில் நலமும் இல்லை. அவருடைய பேனா கூரியது என்று அறிந்தவர்கள், இங்கிலாந்தைத் திட்டி ஏதாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கையிலிருந்த குறிப்புகளைத் திரட்டி, பழைய ஆசிரியர்களின் நூல்களை அவசரமாகப் புரட்டி, எண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்து அதே ஆண்டில் அச்சுக்குக் கொடுத்தார். தம்மை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற மாணவரான மௌண்ட்ஜாய் பிரபுவுக்கே அதைக் காணிக்கையாக்கினார். அந்த நாட்டின்மேல் தமக்கு மனத்தாங்கல் இல்லை என்று காட்டுவதற்காக அவர் கண்ட வழி இது. பணத்தேவையும் ஒரு காரணம்தான். அதை அவர் மறைத்ததில்லை.

இனி அவருடைய பிறப்பையும் வளர்ப்பையும் பார்ப்போம். 1460-களின் பிற்பகுதியில் ஹாலந்து நாட்டில் பிறந்தவர் அவர். தந்தை குருப்பட்டம் பெற்றவர். தாய் ஒரு வைத்தியரின் மகள். பெற்றோருக்குத் திருமணம் நடவாத நிலையில் பிறந்ததால், அந்த இழுக்கை அறியாப் பிள்ளை சுமக்க நேர்ந்தது. 1517-இல், உலகப் புகழ் பெற்ற பிறகும்கூட, இதன் பொருட்டுப் பாப்பரசர் பத்தாம் லியோவிடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. டெவெண்டர் ஊர்ப் பள்ளியில் லத்தீன் கற்றார். பதினைந்து வயதை ஒட்டிய பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பாதுகாவலர்கள் பிள்ளையை மடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கௌடா நகருக்கு அருகிலிருந்த ஸ்டெயின் என்னும் அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்து, 1492-இல் குருப்பட்டம் பெற்றார். மடத்தின் புத்தகசாலை அவருக்குப் பிடித்தது. மடத்து வாழ்க்கை பிடிக்கவில்லை. ஓர் ஆயரின் செயலாளராக வெளியே வந்து, பிறகு பாரிஸில் இறையியல் படிக்கப் போனார். அங்கே மாந்தேகு கல்லூரியில் போட்ட சாப்பாட்டை, குறிப்பாக அதன் அழுகிய முட்டைகளை, கிழவரான பிறகும் அவர் மறக்கவில்லை. (விடுதிப் பிள்ளைகள் இதை எங்கள் விடுதிச் சமையலோடு ஒப்பிட வேண்டாம்!)

பாரிஸில் வெளிவந்த அந்த முதல் தொகுப்பு மிக மெலிந்தது என்று அவரே பின்னால் வருந்தினார். கிரேக்க மொழி அப்போது அவருக்குச் சரியாகத் தெரியாது. கிரேக்கம் தெரியாமல் பழமொழி சேர்ப்பது, ஊற்றுக்குப் போகாமல் வாய்க்காலில் தண்ணீர் மொள்ளுவதற்கு ஒப்பாகும். முப்பது வயதுக்கு மேல், கற்றுத்தர நல்ல ஆசிரியர் இல்லாத நிலையில், அந்தக் கடினமான மொழியைத் தாமே கற்கத் தொடங்கினார். கையில் காசு வந்தால் முதலில் கிரேக்கப் புத்தகம், பிறகுதான் உடுப்பு என்று ஒரு நண்பருக்கு எழுதினார். நம்மவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவார்கள்.

1506-இல் அவருக்கு இத்தாலி செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெனிஸ் நகரில், அந்நாளில் உலகிலேயே பெயர்பெற்ற அச்சகத்தாரான ஆல்டுஸ் மனூஷியுஸ் என்பவரை அணுகினார். பழமொழித் தொகுப்பைப் பெரிதாக்கி வெளியிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதன் பிறகு நடந்ததை எண்ணினால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அச்சகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து எராஸ்முஸ் எழுதுவார். அந்தத் தாள் உடனே அச்சுக் கோப்பவர் கைக்குப் போகும். காதைச் சொறியவும் நேரமில்லை என்று அவரே வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு வேலை. சுற்றிலும் இயந்திர ஓசை. தொழிலாளர் கூச்சல். அதற்கு நடுவில், நினைவிலிருந்தும் கையெழுத்துச் சுவடிகளிலிருந்தும் ஒவ்வொரு மொழியின் வரலாற்றையும் அவர் எழுதிக்கொண்டே போனார். திருத்தம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார், எராஸ்முஸும் பார்த்தார், கடைசியில் ஆல்டுஸும் பார்த்தார். இவ்வளவு வேலைக்கிடையில் நீங்களும் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இதன் மூலம் நான் படித்துக்கொள்கிறேன் என்று ஆல்டுஸ் விடை சொன்னாராம். ஏறக்குறைய ஒன்பது மாத உழைப்பில், 1508 செப்டம்பரில், 3260 பழமொழிகள் கொண்ட பெருநூல் வெளிவந்தது. அதே வெனிஸில்தான், ஆயுள் முழுவதும் அவரை வாட்டிய கல்லடைப்பு நோயும் முதலில் தலைகாட்டியது.

ஆல்டுஸின் அச்சக முத்திரை, நங்கூரத்தைச் சுற்றி வளைந்த ஒரு டால்பின் மீன். பழைய ரோமப் பேரரசர் காலத்து வெள்ளிக்காசு ஒன்றில் இருந்த சித்திரம் அது. டால்பின் விரைவுக்கு அடையாளம், நங்கூரம் நிதானத்துக்கு. விரைவும் நிதானமும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்னும் பழமொழியை விளக்கும்போது எராஸ்முஸ் இந்த முத்திரையின் வரலாற்றையும் எழுதினார். அந்தக் கட்டுரை ஒன்பது மாதத்தில் மூவாயிரம் பழமொழி எழுதி அச்சடித்த அவசரத்தில் பிறந்தது என்பதை எண்ணினால் சிரிப்பு வரும், அவரும் சிரித்திருப்பார்.

பின்னாளில் அதே கட்டுரையில் அவர் சேர்த்த ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. வெனிஸில் அவர் அந்நியர். ஆயினும் அங்கிருந்த கிரேக்க அறிஞர்களும் இத்தாலிய அறிஞர்களும் அதுவரை அச்சேறாத விலைமதிப்பற்ற சுவடிகளைக் கேளாமலே கொண்டுவந்து கொடுத்தார்கள். வடக்கே, அவருடைய சொந்த நண்பர் ஒருவரிடம் பழமொழிகள் ஓரத்தில் குறிக்கப்பட்ட கிரேக்க அகராதிச் சுவடி இருந்தது. சில மணிநேரத்துக்குத் தந்தால் பையனைக்கொண்டு படியெடுத்துக்கொள்கிறேன் என்று எராஸ்முஸ் கேட்டார், கெஞ்சினார். நண்பர் மறுத்துவிட்டார். ஏன் என்று துருவிக் கேட்டபோது உண்மை வெளிவந்தது. கற்றவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டு மக்களின் வியப்பைப் பெற்றுவந்த பொருள்களெல்லாம் இப்படிப் பொதுச் சொத்தாகிவிட்டால் எங்கள் மதிப்பு என்னாவது என்பதே அவருடைய கவலை. எராஸ்முஸ் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ஆனால் செய்தியை மட்டும் தம் நூலில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார். ஒருசிலரின் பெட்டியில் பூட்டிக் கிடந்ததை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் கையிலும் வைப்பதே தம் தொகுப்பின் பயன் என்று அவர் கருதினார்.

1508-ஆம் ஆண்டின் இறுதியில் எராஸ்முஸுக்கு ஒரு புதிய மாணவர் அமைந்தார். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸின் மகன் அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட். பதினைந்து வயதை ஒட்டிய அந்தப் பையன் அதற்குள் புனித அந்திரேயா நகரின் பேராயர்! (அரச குடும்பத்தாருக்குத் திருச்சபைப் பதவிகளை இப்படி வாரி வழங்கியது அந்தக் காலத்தின் கேடுகளில் ஒன்று.) ஆனால் பையன் நல்ல பையன். பாதுவா நகரிலும் சியெனா நகரிலும் எராஸ்முஸிடம் இலக்கியம் பயின்றான். சட்டமும் கிரேக்கமும் படித்தான். ஓய்வு நேரத்தில் குழலும் யாழும் பழகினான். புத்தகம் மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்தால்தான் எழுத்துத் தெரியும், அத்தனை கிட்டப்பார்வை. குறும்பும் இருந்தது. ஒருமுறை ஆசிரியரின் கையெழுத்தைப் போலவே எழுதிக்காட்டி, அது தம் எழுத்துத்தான் என்று எராஸ்முஸையே நம்பவைத்தான். 1509-இல் பிரிந்தபோது ஆசிரியருக்கு ஒரு மோதிரம் கொடுத்தான். எல்லைகளைக் காக்கும் தெர்மினுஸ் என்னும் ரோமர் தெய்வத்தின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. வாழ்க்கையின் எல்லையாகிய மரணத்தை நினைவூட்டும் அடையாளமாக அதை ஏற்று, எராஸ்முஸ் தம் முத்திரையாகவே வைத்துக்கொண்டார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பிரான்ஸ் நாட்டின்மேல் படையெடுத்தார். பிரான்ஸுக்குத் துணையாக ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்துக்குள் படை நடத்தினார். ஹென்றி அவருடைய சொந்த மைத்துனர் என்பதும் தடையாகவில்லை. 1513 செப்டம்பர் 9-ஆம் நாள் ஃப்ளாடன் களத்தில் ஜேம்ஸ் மாண்டார். ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் எண்ணற்றோர் அவரோடு மடிந்தார்கள். தந்தையின் பக்கத்திலேயே அலெக்ஸாண்டரும் கிடந்தான். வயது இருபது இருக்கலாம்.

அப்போது எராஸ்முஸ் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், கிரேக்கம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் வெற்றிக் கொண்டாட்டத்தில் இருந்திருப்பார்கள். அவருடைய பதில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1515-இல், பேசல் நகரில் ஃப்ரோபென் அச்சகத்தில் வெளியான புதிய பதிப்பில் வந்தது. பண்டைய பழமொழிகளில் ஒன்று ஸ்பார்த்தா நாட்டைப் பற்றியது. உனக்குக் கிடைத்த நாடு அதுதான், அதைச் சீர்படுத்து, அடுத்தவன் நாட்டுக்கு ஆசைப்படாதே என்பது அதன் கருத்து. முன்பு சுருக்கமாக இருந்த அந்த விளக்கத்தை எராஸ்முஸ் இப்போது பல பக்கங்களாக விரித்தார். தம் நாட்டைக் கவனியாமல் பிறர் நாட்டைத் தேடிப்போய்க் கெட்ட மன்னர்களை வரிசையாக நிறுத்தினார். அந்த வரிசையில் ஜேம்ஸ் வந்தபோது, மன்னரை விட்டுவிட்டு அவருடைய மகனுக்காக அழுதார். அவனுடைய உயரம், படிப்பு, பணிவு எல்லாவற்றையும் எழுதி, ஆயர் பணிக்கு உரியவனுக்குப் போர்க்களத்தில் என்ன வேலை என்று கேட்டார். அகராதி போலப் பயன்படவேண்டிய ஒரு நூலில், ஓர் ஆசிரியர் தம் மாணவனுக்காக வைத்த கல்லறைக் கல்வெட்டு அது. அந்தப் பெருநூலில் என் மனத்தை உருக்கிய பகுதி இதுவே.

அதே பதிப்பில் இன்னொரு பழமொழியும் வளர்ந்து ஒரு சிறு நூலே ஆகிவிட்டது. போரின் இனிமை அதை அனுபவித்தறியாதவருக்கு மட்டுமே என்னும் கருத்துடையது அது. கூரிய நகமோ கொம்போ இல்லாமல், அழுகையும் சிரிப்பும் பேச்சும் கொடுத்து இறைவன் படைத்த மனிதனுக்குக் கொலைத்தொழில் எங்கிருந்து வந்தது என்று அதில் ஆராய்கிறார். கிறிஸ்தவர் கிறிஸ்தவரைக் கொல்வதையும், அதைப் பிரசங்கபீடத்திலிருந்து புகழ்வதையும் அவர் கண்டித்தார். பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் 1506-இல் போலோஞா நகருக்குள் படைத்தலைவரைப் போல வெற்றி ஊர்வலமாக நுழைந்ததை நேரில் பார்த்தவர் அவர். அந்தக் காட்சி அவரை விட்டு அகலவில்லை. 1517-இல் ஃப்ரோபென் இந்தக் கட்டுரையைத் தனி நூலாகவே வெளியிட்டார். கழுகை எதிர்த்துநின்ற வண்டின் கதையைச் சொல்லும் இன்னொரு பழமொழியின் கீழ், குடிகளைக் கொத்தித் தின்னும் மன்னர்களைக் கழுகாகக் காட்டி நையாண்டி செய்தார். பழமொழி விளக்கம் என்ற பெயரில் வெளிவந்ததால், மன்னர்களும் பிரபுக்களும் அவற்றைத் தங்கள் புத்தக அலமாரியிலேயே வைத்திருந்தார்கள்.

மாணவியர்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1512-இல், தம் நண்பர் ஜான் காலெட் லண்டனில் தொடங்கிய பள்ளிக்காக எராஸ்முஸ் ஒரு பாடநூல் எழுதினார். படிக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். நன்றி, பொறுமை, பேராசை என்று தலைப்பிட்டு, படிக்கும்போது கண்ட நல்ல மொழிகளை உரிய தலைப்பின்கீழ் எழுதிவர வேண்டும் என்று அதில் முறை வகுத்தார். அடுத்த இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் இந்தக் குறிப்பேடு இல்லாத மாணவரைக் காண்பது அரிது.

பெண்கள் படிப்பதைப் பற்றி அவர் முதலில் அவ்வளவாக எண்ணிப்பார்த்தவரல்லர். அவருடைய உயிர்த் தோழர் புனித தாமஸ் மோர் தம் பெண்மக்களுக்கு மகனுக்குக் கொடுத்த அதே கல்வியைக் கொடுத்தார். அதைக் கண்டபின்தான் தம் கருத்து மாறியது என்று எராஸ்முஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மோரின் மூத்த மகள் மார்கரெட், கர்த்தர் கற்பித்த செபத்துக்கு எராஸ்முஸ் எழுதிய விளக்கத்தை லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுதான். 1529-இல், ஓவியர் ஹோல்பைன் வரைந்த மோர் குடும்பத்துப் படத்தைக் கண்ட எராஸ்முஸ், உங்கள் எல்லோரையும் நேரில் பார்த்ததுபோல் மகிழ்ந்தேன் என்ற பொருள்பட மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதினார். மோரை அவர் பிறகு பார்க்கவே இல்லை. 1535 ஜூலை 6-ஆம் நாள், எட்டாம் ஹென்றியின் ஆணையால் மோர் தலை வெட்டுண்டு வேதசாட்சியாக மரித்தார்.

லூத்தர் காலத்துக் குழப்பத்தில் இரு தரப்பாரும் எராஸ்முஸை ஏசினார்கள். திருச்சபையின் குறைகளை அவர் கடிந்ததுண்டு; அதைவிட்டு வெளியேறவில்லை. 1529-இல் பேசல் நகரம் புதிய மதத்தைத் தழுவியபோது, வயதான காலத்தில் வீட்டைக் காலிசெய்து ஃப்ரைபுர்க் நகருக்குக் குடிபோனார். அங்கே வாழ்ந்த காலத்தில், 1531-இல், இன்னொரு தொகுப்பை வெளியிட்டார். இது சாக்ரடீஸ், டியோஜெனிஸ், மாமன்னர் அலெக்ஸாண்டர், அகுஸ்துஸ் முதலானோர் சமயத்துக்கேற்ப நறுக்கென்று சொன்ன மறுமொழிகளின் தொகுப்பு. ஏறக்குறைய மூவாயிரம் இருக்கும். ஸ்பார்த்தா நாட்டுத் தாய்மாரின் சொற்களும் அதில் உண்டு. கிளேவெஸ் நாட்டு இளவரசனான வில்லியம் என்னும் சிறுவனுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அரசாளப் போகும் பிள்ளை நீண்ட தத்துவ நூல்களைப் படிக்கப் பொறுமை கொள்ளாது, இவை விளையாட்டாகவே மனத்தில் பதியும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய தவறு ஒன்றும் உலகுக்குப் பழமொழியாகிவிட்டது. கிரேக்கக் கதையில் பண்டோரா என்னும் பெண் திறந்தது ஒரு பெரிய சாடி. எராஸ்முஸ் லத்தீனில் அதைச் சிறு பெட்டி என்று எழுதிவிட்டார். இன்றுவரை உலகம் பண்டோராவின் பெட்டி என்றே சொல்லிவருகிறது. சாடியை யாரும் நினைப்பதில்லை.

1535-இல் பேசலுக்குத் திரும்பிய எராஸ்முஸ், அடுத்த ஆண்டு ஜூலை மாதம் காலமானார். அந்த 1536-ஆம் ஆண்டுப் பதிப்பில் பழமொழிகள் 4151 ஆகியிருந்தன. வயோதிகரும் நோயாளிகளுமான ஏழைகளுக்கும், படிக்க வசதியற்ற மாணவர்களுக்கும், ஏழைப் பெண்களின் திருமணச் செலவுக்கும் தம் சொத்தை எழுதிவைத்தார். பேசல் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே நண்பர்கள் எழுப்பிய சலவைக்கல் நினைவுச்சின்னத்தின் உச்சியில் தெர்மினுஸின் தலை இருக்கிறது.

1559-இல் ரோமாபுரியில் வெளியான தடை நூல் பட்டியலில் எராஸ்முஸின் நூல்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. ஆனால் நூல்கள் திருத்தப்படவேண்டும் என்ற நிபந்தனை நின்றது. பழமொழி நூலைத் திருத்தும் பொறுப்பு யாருக்கு வந்தது தெரியுமா? ஆல்டுஸின் மகன் பவுலுஸ் மனூஷியுஸுக்கு! 1575-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் அந்தப் பதிப்பு வெளிவந்தது. போரையும் மன்னரையும் பற்றிய நீண்ட கட்டுரைகள் அதில் இல்லை. எராஸ்முஸ் என்ற பெயரும் இல்லை. பழமொழிகள் மட்டும் இருந்தன. அந்தத் தடைப் பட்டியலைத் திருச்சபை 1966-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. பிறகு கனடா நாட்டு டொரொண்டோ பல்கலைக்கழகத்தார் முழு நூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில் அவருடைய பெயர் இருக்கிறது. ஃப்ளாடன் களத்தில் மாண்ட மாணவனின் கதையும் இருக்கிறது.